பாரிஸில் ஆப்பிரிக்கப் புலம்பெயர் பண்பாட்டைப் படிக்கப் போகிறேன்: எங்கே தொடங்குவது?

கயல்_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். வரலாற்றில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். வரும் செப்டம்பரில் பாரிஸில் சமூக அறிவியல் முதுகலை ஒன்றில் சேரப் போகிறேன். இடம் கிடைத்துவிட்டது, விசா வேலை பாக்கி. ஆய்வுப் பொருள் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது: "பாரிஸ் நகரில் ஆப்பிரிக்கப் புலம்பெயர் பண்பாடு". எழுதும்போது கம்பீரமாக இருந்தது. இப்போது யோசித்தால் எங்கே கைவைப்பது என்றே தெரியவில்லை.

ஆங்கிலத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். எல்லாம் ஒரே தடத்தில் போகிறது. 1924ல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இரவு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். 1925ல் நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் ஷான்ஸெலிஸே அரங்கில் ஆடினார். 1948ல் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் நாற்பது டாலரோடு வந்து இறங்கினார். நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதுகூட இப்போது எனக்கு மனப்பாடம். ஆனால் இவர்கள் எல்லோரும் கறுப்பின அமெரிக்கர்கள். செனகல்காரர், மாலிக்காரர், கொங்கோக்காரர், கரீபியத் தீவான மார்த்தினிக்கின் ஆட்கள் எல்லாம் எங்கே?

வீட்டில் அப்பா ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்: "ஆப்பிரிக்காவைப் படிக்கணும்னா ஆப்பிரிக்காவுக்குத்தானே போகணும்?" பதில் வரவில்லை. யாராவது உதவுங்கள்.

சந்தேகி

அப்பா கேட்டது சரியான கேள்வி. செனகலின் டாக்காரில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐவரி கோஸ்டின் அபிஜானில் இருக்கிறது. அங்கே போகாமல் பாரிஸுக்குப் போய் "ஆப்பிரிக்கப் பண்பாடு" என்றால், ஈஃபில் கோபுரம் பார்க்கும் ஆசைக்கு ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். கோபிக்காதீர்கள் தங்கையே, மனதில் பட்டதைச் சொன்னேன்.

ஆவணப்புழு

சந்தேகி, உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கயல் படிக்கப் போவது ஆப்பிரிக்காவை அல்ல, ஆப்பிரிக்கர்களும் கரீபியர்களும் பாரிஸில் உண்டாக்கியதை. அது டாக்காரில் கிடைக்காது.

1928ல், பின்னாளில் கவிஞரும் செனகலின் முதல் குடியரசுத் தலைவருமான லெயோபோல் செங்கோர் செனகலிலிருந்து படிக்க வருகிறார். 1931ல், பின்னாளில் கவிஞராகப் பெயர் பெற்ற எமே செசேர் மார்த்தினிக்கிலிருந்து படிக்க வருகிறார். இருவரும் சந்தித்தது லூயி லெ கிராண் பள்ளியில். ஒருவர் மேற்கு ஆப்பிரிக்கர், மற்றவர் அட்லாண்டிக்கின் அந்தக் கரைக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர். இந்த இரண்டு பேரும் அன்றைக்குச் சந்தித்துக்கொள்ள வேறு எந்த ஊரில் வாய்ப்பு இருந்தது? அதே காலத்தில் மார்த்தினிக்கிலிருந்து வந்து சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த பொலெத் நார்தால், பாரிஸை ஒட்டிய கிளமார் வீட்டில் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டார். தேநீர், கொஞ்சம் நடனம், நிறையப் பேச்சு. 1931ல் அவரும் நண்பர்களும் இருமொழி இதழ் ஒன்று கொண்டுவந்தார்கள், ஆறு இதழோடு நின்றது. இதிலிருந்து வளர்ந்த கறுப்பின எழுத்து இயக்கத்தில் பெயர் வாங்கியவர்கள் ஆண்கள். அடுப்பு மூட்டியவர்கள் நார்தால் சகோதரிகள். என் வழிகாட்டி இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.

அடுத்தது 1947. செனகல்காரரான அலியூன் தியோப் 'பிரெசான்ஸ் ஆஃப்ரிக்கேன்' இதழைத் தொடங்குகிறார். அதன் புத்தகக்கடை இன்றும் ஐந்தாம் வட்டாரத்தில், எக்கோல் தெருவில் இருக்கிறது. 1956 செப்டம்பரில் அவர்தான் சோர்போனில் கறுப்பின எழுத்தாளர், கலைஞர்களின் முதல் உலக மாநாட்டைக் கூட்டினார். செசேர், செங்கோர், மார்த்தினிக்கின் மனநல மருத்துவர் ஃபானோன், செனகல் வரலாற்றாளர் ஷேக் அந்தா தியோப், ரைட் எல்லோரும் ஒரே அரங்கில். அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு அமெரிக்க அரசு கடவுச்சீட்டு தர மறுத்தது. அவருடைய கடிதத்தை மேடையில் வாசித்தார்கள், வந்திருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் நெளிந்தார்கள். அந்த மாநாட்டுக்குச் சுவரொட்டி வரைந்தவர் பிக்காசோ.

இதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டு நச்சுவாயுவில் உடல் கெட்ட லாமின் செங்கோர் என்ற செனகல்காரர், 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் பேசினார். அதே மாநாட்டில் நேருவும் இருந்தார். லாமின் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துவிட்டார்.

கயல், அப்பாவிடம் சொல்லுங்கள்: நீங்கள் படிக்கப் போகும் ஆட்களும் உங்களைப் போல வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள்தான்.

லாசப்பல்_வாசி

தங்கச்சி, வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான். எண்பதுகளின் கடைசியில் வந்தவன். சோர்போன் கதை எனக்குத் தெரியாது, வடக்குப் பாரிஸ் தெரியும்.

லா சப்பெல் மெத்ரோவில் இறங்குங்கள். ரயில் பாலத்துக்குத் தெற்கே ஃபோபூர் சாந்தெனித் தெரு, காய் தெரு. அங்கே எங்கட கடைகள், நகைக்கடை, புடவைக்கடை, இடியப்பம் எல்லாம். பாலத்தைக் கடந்து வடமேற்கே ஏறினால் கூத் தோர், ஆப்பிரிக்கக் கடைகள் நிறைந்த பேட்டை. பத்து நிமிட நடைகூட இல்லை, ஆனால் எங்கட ஆக்களில் பலர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. "அங்கே கவனம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு வெளியே இருக்கும் பிரெஞ்சுக்காரர் எங்களைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள் என்பது இவர்களுக்கு விளங்குவதில்லை.

அங்கே சென் பெர்னார் தேவாலயம் இருக்கிறது. 1996ல் வதிவிட அனுமதி இல்லாத முந்நூறு பேரளவில், பெரும்பாலும் மாலி, செனகல் ஆட்கள், குழந்தை குட்டிகளோடு அங்கே தஞ்சம் புகுந்தார்கள். அதற்கு முன் மார்ச்சில் சென் அம்புருவாஸ் தேவாலயத்தில் இருந்தார்கள், அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். சென் பெர்னாரில் பத்துப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஓகஸ்ட் 23 காலை பொலிஸ் கோடரியால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. நான் அப்போது உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்த மாலிக்காரப் பெடியன் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. முதலாளி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தப் போராட்டத்துக்கு முன்னால் நின்று பேசியவர்களில் மஜிகேன் சிசே என்ற செனகல் பெண்மணியும் ஒருவர். வக்கீல் வைத்துப் பேசாமல், தாங்களே தங்களுக்காகக் கதைத்தார்கள். நீங்கள் பண்பாடு என்று துணி, சாப்பாடு, இசையை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அரைவாசிதான் எழுதியிருப்பீர்கள்.

கயல்_மதுரை

ஆவணப்புழு, லாசப்பல் அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. கூத் தோர் பக்கத்து சாத்தோ ரூஜ் ஆப்பிரிக்கச் சந்தையில் உட்கார்ந்து கடைக்காரர்களைப் பேட்டி எடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. சரிவருமா?

செவ்வந்தி

சரிவராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டும் கேமராவுமாக முதல் நாளே போய் நிற்காதீர்கள். நான் அந்தப் பக்கம் சமூகப் பணியில் இருந்தவள். வாரத்துக்கு ஒரு மாணவர் கூட்டம் வரும், பாதிப் பேர் தூரத்து நாடுகளிலிருந்து ஒரு பருவம் படிக்க வந்தவர்கள். மீன் கடை அம்மாவைப் படம் எடுப்பார்கள், அவர் கத்துவார், இவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். அந்த அம்மாவுக்கு வதிவிட அட்டை இருக்கிறதா என்பதே தெரியாத நிலையில் அவர் முகத்தை இணையத்தில் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று ஒருவருக்கும் உறைக்காது.

இன்னொன்று. சாத்தோ ரூஜ் ஆப்பிரிக்கர்கள் வாழும் பேட்டை என்று எழுதினால் தப்பு. அது அவர்கள் வந்துபோகும் சந்தை. சனிக்கிழமை தெழான் தெருவில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி புறநகரிலிருந்து ரயிலேறி வருகிறது. உறைந்த மீன், மரவள்ளி இலை, வாழைக்காய், செம்பனை எண்ணெய், துணி எல்லாம் வாங்கிக்கொண்டு இரவு திரும்பிப் போய்விடும். குடியிருப்பதைப் பார்க்க கிழக்குப் புறநகரான மோந்த்ரய் போங்கள். மாலியின் கேய் வட்டாரத்து சோனின்கே இனத்து ஆண்கள் அறுபதுகளிலிருந்து தொழிலாளர் விடுதிகளில் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிப் பணத்தில் ஊரில் பள்ளிக்கூடம், கிணறு, மருத்துவ நிலையம். விடுதிச் சமையலறையில் வெளி ஆட்களும் மலிவாகச் சாப்பிடலாம். வேர்க்கடலைக் குழம்பும் சோறும் வயிறு நிறையப் போடுவார்கள். மோந்த்ரயில் பேர்போன பாரா விடுதி 2018ல் காலி செய்யப்பட்டது. இப்போது பல விடுதிகளைத் தனியறைக் குடியிருப்பாக மாற்றுகிறார்கள். சுகாதாரம் மேம்படும், பொதுச் சமையலறை போய்விடும். சமையலறை போனால் சங்கம் கூட இடமில்லை. ஆய்வு செய்ய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முடி அலங்காரக் கடைகள் வேண்டும் என்றால் சாத்தோ தோ. மெத்ரோ வாசலிலேயே பையன்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். 2014ல் ஸ்த்ராஸ்பூர் புல்வாரில் அந்தக் கடைகளில் வேலை செய்த ஆப்பிரிக்கப் பெண்களும் நகம் அலங்கரிக்கும் சீனப் பெண்களும் சேர்ந்தே வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பளத்துக்காகவும் வதிவிட அட்டைக்காகவும். தொழிற்சங்கம் துணைக்கு வந்தது.

தறிக்காரன்

துணி என்று யாரோ சொன்னீர்கள், வந்துவிட்டேன். சாத்தோ ரூஜில் தொங்கும் அந்தப் பளிச்சென்ற மெழுகுத் துணியை எல்லோரும் ஆப்பிரிக்கத் துணி என்கிறார்கள். அதன் வேர் மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக். டச்சுக்காரர்கள் அதை இயந்திரத்தில் போலி செய்து இந்தோனேசியாவில் விற்கப் பார்த்தார்கள், பிறகு மேற்கு ஆப்பிரிக்கச் சந்தை அதைப் பிடித்துக்கொண்டது. 1846ல் தொடங்கிய விலிஸ்கோ ஆலை நெதர்லாந்தின் ஹெல்மண்டில் இன்றும் ஓடுகிறது. மலிவு ரகமெல்லாம் இப்போது சீனாவிலிருந்து. கோட்டோ நெளிவோ ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, இதைக் கட்டினால் கணவனுக்குச் சேதி, அதைக் கட்டினால் சக்களத்திக்குச் சேதி என்று பொருள் கொடுத்தவர்கள் மட்டும் ஆப்பிரிக்கச் சந்தைப் பெண்கள்.

நம் ஊர்ச் சரக்கும் உண்டு. மார்த்தினிக், இன்னொரு பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாதலூப் பெண்கள் விழாவுக்குத் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயரே மதராஸ். நம் சோழமண்டலக் கரையில் நெய்து போனதுதான். நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதே மதராஸ் துணியில் சில நூல்களை மட்டும் வெட்டி உருவித் தங்கள் வடிவத்தைக் கொண்டுவருவார்கள். கயல், அங்கே கரீபியச் சங்கங்களின் விழா எதற்காவது போனால் தலையைப் பாருங்கள்.

புதுவை_ரேமோன்

தறிக்காரர் விட்ட இடத்தில் தொடர்கிறேன். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை 1848ல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டி, 1853ல் மார்த்தினிக்குக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்கு 25,000 பேரளவில்.

இவர்களின் வழிவந்தவர்கள் பாரிஸுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் ஆய்வுக்கு உரிய செய்தி. 1963ல் பிரெஞ்சு அரசு 'பூமிதோம்' என்று ஒரு அலுவலகம் திறந்தது. கடல்கடந்த தீவுகளிலிருந்து இளைஞர்களைக் கூட்டிவந்து மருத்துவமனை, தபால், வீட்டுவேலை என்று கீழ்நிலை வேலைகளில் நிரப்பியது. 1981 வரை ஓடியது. பாரிஸ் அரசு மருத்துவமனையில் இரவுப் பணித் தாதியர் பலர் கரீபியர்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களிலேயே ராமசாமி, வீரப்பன் மாதிரியான குடும்பப் பெயர்களைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கரீபியரைக் குடியேறி என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் பிரான்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் இல்லை. மத்தியதரைக் கடல் தீவான கோர்சிகா பிரான்ஸோடு சேர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மார்த்தினிக் பிரெஞ்சுக் கையில் இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிப்புக்குள் கோபம் இருக்கும். 1998 மே 23 அன்று ஆயிரக்கணக்கான கரீபியர் பாரிஸ் வீதிகளில் மௌன ஊர்வலம் போனார்கள். அடிமை வணிகத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001 சட்டத்துக்குப் பின்னால் அந்த ஊர்வலமும் இருக்கிறது.

சந்தேகி

சரி, ஒரு எளிய கேள்வி. பாரிஸில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்? ஒருவரும் எண் சொல்லவில்லையே.

ஆவணப்புழு

யாராலும் சொல்ல முடியாது. பிரான்ஸில் இன அடிப்படையில் கணக்கெடுக்கும் வழக்கமே இல்லை. 1978 தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2007 நவம்பரில் அரசமைப்பு மன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கணக்கில் இருப்பது குடியுரிமையும் பிறந்த நாடும்தான். பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்று கேட்கும் ஆய்வு இருக்கிறது, 2008-09லும் 2019-20லும் நடந்தது. பேரன் பேத்திகள் காலம் வந்ததும் பெரும்பாலான அட்டவணைகளிலிருந்து மறைந்துவிடுவார்கள். கடையில் பின்தொடரும் காவலாளிக்கு மட்டும் மறைய மாட்டார்கள்.

இதனால் உங்கள் ஆய்வில் எண் வராது, ஆவணமும் பேச்சும்தான் வரும். அது பலவீனம் என்று நினைக்க வேண்டாம்.

93_தமிழன்

நான் இங்கேயே பிறந்தவன், தமிழ் எழுத்து சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது பாரிஸை ஒட்டிய சேன் சாந்தெனி மாவட்டத்தில். வகுப்பில் மாலி, கொமொரோ, அல்ஜீரியா, ஹெய்ட்டி, இலங்கை எல்லாம் கலந்துதான். யாரும் தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொன்னதே இல்லை. எங்கே இருந்து வருகிறாய் என்றால் தொண்ணூற்று மூன்று என்று மாவட்ட எண்ணைத்தான் சொல்வோம்.

1956 மாநாடு நல்லதுதான். ஆனால் என் வயது ஆட்களுக்கு பாடகி ஆயா நகமுரா. மாலியின் பமக்கோவில் பிறந்து எங்கள் மாவட்டத்து ஓல்னேயில் வளர்ந்தவர். 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் பாடப்போகிறார் என்ற பேச்சு வந்ததுமே ஒரு தீவிர வலதுசாரிக் கூட்டம் பதாகை பிடித்து இழிவாக எழுதியது. ஜூலை 26 அன்று குடியரசுக் காவல்படையின் வாத்தியக் குழுவோடு கலைப் பாலத்தில் நின்று பாடினார். பக்கத்திலேயே பிரெஞ்சு மொழிக்குக் காவலாக இருக்கும் அகாடமி கட்டடம். எங்கள் வீட்டில் அம்மாவே கைதட்டினார், அவருக்கு அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

கயல்_மதுரை

93_தமிழன், தமிழில் பிழையே இல்லை!

அருங்காட்சியகங்கள் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஆவணப்புழு

கே பிரான்லி அருங்காட்சியகத்தில் சகாராவுக்குத் தெற்கிலிருந்து வந்த பொருட்கள் சுமார் 70,000 இருக்கின்றன. அதில் இன்றைய பெனினில் உள்ள அபோமே அரண்மனையிலிருந்து 1892ல் பிரெஞ்சுப் படை அள்ளிய 26 பொருட்களை 2021 நவம்பரில் பெனினுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கென்று தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இருட்டறையில் விளக்கு போட்டு வைத்திருக்கும் அழகுக்காக ஒருமுறை போகலாம். என்னைக் கேட்டால் நேரத்தை போர்ட் தொரேயில் செலவிடுவேன். 1931 காலனிக் கண்காட்சிக்காகக் கட்டிய அதே அரண்மனை இப்போது குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகம். முகப்புச் சுவர் முழுக்கக் காலனி மக்கள் சுமை தூக்கும், அறுவடை செய்யும் சிற்பம். உள்ளே அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெட்டியும் புகைப்படமும்.

சிலைகள் என்றால் பதினேழாம் வட்டாரம். ஜெனரல் கத்ரூ சதுக்கத்தில் உடைந்த விலங்கு வடிவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, அடிமையாகப் பிறந்து பிரெஞ்சுப் படைத் தலைவரான ஜெனரல் தூமாவுக்கு. முன்பு அங்கிருந்த அவர் சிலை நாஜி ஆக்கிரமிப்பில் போய்விட்டது. அதே பக்கம் 2022ல் சொலித்தூத் என்ற பெண்ணுக்குச் சிலை வைத்தார்கள். 1802ல் குவாதலூப்பில் அடிமை முறையை மீண்டும் கொண்டுவந்ததை எதிர்த்துப் போராடித் தூக்கில் ஏறியவர்.

செவ்வந்தி

செலவையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதுகலைக் கட்டணத்தை 2019ல் ஒரேயடியாக ஆண்டுக்கு 3,770 யூரோ ஆக்கினார்கள். அதுவரை எல்லோருக்கும் 243தான். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன, கேட்டுப் பாருங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். இந்திய மாணவர்களுக்கு 'சார்பாக்' (Charpak) என்ற உதவித்தொகை இருக்கிறது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். வாடகை வீட்டுக்கு உத்தரவாதம் கேட்பார்கள், அதற்கு விசால் என்ற அரசு ஏற்பாடு இலவசம்.

மொழி: ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ரைட் வீட்டு வாசல் வரை போகலாம், மோந்த்ரய் விடுதிக்குள் போக முடியாது. பிரெஞ்சு பி2 (மேல் இடைநிலை) நிலைக்குக் குறைந்து வராதீர்கள். வந்தபின் இனால்கோ என்ற கீழைமொழிக் கல்லூரியில் செனகலின் வொலோஃப் அல்லது மாலியின் பம்பாரா மொழி மாலை வகுப்பு கிடைக்குமா பாருங்கள். அதே கூரையின் கீழ் தமிழும் சொல்லித் தருகிறார்கள்.

கயல்_மதுரை

எல்லாவற்றையும் படித்து இரண்டு நாள் யோசித்தேன். பூமிதோம் வழியாக வந்த கரீபியர்களில் தமிழ் வம்சாவளியினரை எடுத்துக்கொள்ளலாமா? மதராஸ் துணி, குடும்பப் பெயர், மாரியம்மன் வழிபாடு எல்லாம் சேர்ந்து வரும்.

சந்தேகி

பார்த்தீர்களா! ஆப்பிரிக்கப் புலம்பெயர்வு என்று கிளம்பி, சுற்றிச் சுற்றி நம் ஆளிடமே வந்து நின்றாயிற்று. தமிழனைத் தேடத்தான் பாரிஸ் என்றால் லாசப்பல் அண்ணா வீட்டிலேயே தங்கிவிடலாம்.

ஆவணப்புழு

இந்த ஒரு விஷயத்தில் சந்தேகி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த கதவு வழியாக நுழைவது தவறில்லை. ஆனால் அந்தத் தீவுகளில் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்க வழியினர். ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கொண்டுவந்ததே விடுதலையானவர்களின் கூலியை அமுக்கத்தான். அந்தக் கசப்பையும் சேர்த்து எழுதத் துணிந்தால் எடுங்கள். "அங்கேயும் நம் பண்பாடு வாழ்கிறது" என்று முடியும் கட்டுரை ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1950ல் ஆப்பிரிக்க மாணவர்கள் பிரான்ஸில் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள், பெயர்ச்சுருக்கம் ஃபேயான்ஃப். பொனியாதோவ்ஸ்கி புல்வார் மாணவர் விடுதியில் அவர்கள் கூடுவார்கள். சுதந்திரம் கேட்டு இதழ் நடத்தினார்கள், அல்ஜீரியப் போரை எதிர்த்தார்கள். பின்னாளில் அமைச்சர் ஆனவர்களும் சிறைக்குப் போனவர்களும் அதில் இருந்து வந்தவர்கள். 1980ல் பிரெஞ்சு அரசு அதைக் கலைத்தது. அன்றைய உறுப்பினர்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் இப்போது முதியவர்கள். பேட்டி எடுப்பதென்றால் தள்ளிப் போடக் கூடாது.

கயல்_மதுரை

ஃபேயான்ஃப். முடிவு செய்துவிட்டேன். மாணவர் விடுதி, இதழ், உறுப்பினர் பேட்டி. வழிகாட்டிக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடுகிறேன். பூமிதோம் முனைவர் பட்டத்துக்கு இருக்கட்டும், அப்பாவிடம் இப்போதைக்கு அதைச் சொல்லப் போவதில்லை.

லாசப்பல்_வாசி

நல்லது தங்கச்சி. பெட்டியில் மிளகாய்த்தூள், பருப்பு என்று அடைத்துக்கொண்டு வராதீர்கள். ஃபோபூர் சாந்தெனித் தெருவில் எல்லாம் இருக்கு. நல்ல குளிர்ச்சட்டையும் பிரெஞ்சு அகராதியும் போதும்.

அலை_தூத்துக்குடி

தாமதமாக வருகிறேன். இதே பொருளுக்கு லிஸ்பன் எப்படி? அங்கே இடம் கேட்டிருக்கிறேன்.

ஆவணப்புழு

லிஸ்பன் வேறு உலகம். 1944 முதல் 1965 வரை அங்கே பேரரசு மாணவர் இல்லம் என்று ஒன்று இருந்தது. காலனி மாணவர்களைக் கண்காணிக்க சர்வாதிகாரி சலாசாரின் அரசு வளர்த்துவிட்டது. பின்னாளில் விடுதலைப் போராட்டத் தலைவர்களான கினி பிசாவின் அமில்கர் கப்ரால், அங்கோலாவின் அகோஸ்தினோ நேத்தோ இருவரும் அங்கே புழங்கியவர்கள், பிறகு அதே அரசுக்கு எதிராகவே போராட்டம் நடத்தினார்கள். இன்று கேப் வெர்டே, அங்கோலா ஆட்களைப் பார்க்க லிஸ்பன் புறநகர் அமதோராவின் கோவ த மோரா (Cova da Moura) பக்கம் போக வேண்டும். புதிய இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் பின்னால் தேடுபவர்களுக்குக் கிடைக்காது.